‘சிதை’ ஏறிய கப்பல் எது?

கேள்வி: விபத்தில் காயமில்லாமல் தப்பியவரை ஆங்கிலப் பேப்பரில் ‘அன்ஸ்கேத்டு’ என்று போடுகிறார்கள். அதற்குள் இருக்கும் ‘ஸ்கேத்’, நம்முடைய ‘சிதை’தானே? ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் கேடுதான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?
– வாசகர், தேனி

பதில்: நிறைய வேண்டும்.

‘ஸ்கேத்’ என்றால் தீங்கு, சேதம், இழப்பு. அது இங்கிலாந்தில் வந்து இறங்கியது ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கப்பலில். 793இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடாலயத்தைச் சூறையாடியவர்கள்தான். அடுத்த நூற்றாண்டில் அவர்களில் பலர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்கதா’ என்றால் சேதப்படுத்துதல். சேதம் செய்ய வந்தவர்களே அதற்கான சொல்லையும் கொடுத்துவிட்டார்கள்!

இது என் ஊகமில்லை. அந்த ‘ஸ்க’வே சாட்சி. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்க’ ஒலி ‘ஷ’வாகிவிட்டது: ஷிப், ஃபிஷ். நார்ஸில் மாறவில்லை: ஸ்கை, ஸ்கின். ஒரே வேரிலிருந்து ஆங்கிலேயர் வீட்டில் ஷர்ட் வந்தது, நார்ஸ்காரர் வீட்டிலிருந்து ஸ்கர்ட் வந்தது. ‘ஸ்கேத்’தின் பங்காளி ஒன்று பழைய ஆங்கிலத்திலும் உண்டு, கேடு செய்பவன் என்று பொருள். ‘பேயோவுல்ஃப்’ காவியத்தில் கிரெண்டல் என்ற அரக்கனுக்கு அதை வைத்துப் பட்டமே கட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல்லும் ‘ஷ’ என்றுதான் தொடங்கியது. சரி, உங்கள் ‘சிதை’க்குள் ககரம் எப்போது புகுந்தது?

இதே குடும்பத்துச் சொல்லை ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘ஷாடே’ என்கிறார்கள், நாம் ‘அடடா, பாவம்’ என்று சொல்லும் இடத்தில். ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டில் ‘ஸ்கேத்’தை அப்படித்தான் எழுதினார்: அவர் கதையில் வரும் பாத் ஊர்ப் பெண்மணிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதுதான் பாவம் என்று. பிறகு சொல்லில் நெருப்பு பற்றியது. மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் (1667) வானத்து நெருப்பு காட்டு மரங்களைக் கருக்குவதற்கு இதே வினைதான். கடுமையான விமர்சனத்தை ‘ஸ்கேத்திங்’ என்று இன்று சொல்வதில் அந்தச் சூடு இருக்கிறது. நம் சுடுசொல்லும் அதே வழியில் போனதுதான். அதற்காக இரண்டும் அண்ணன் தம்பி ஆகிவிடாது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் இல்லாமலா? கட்டுமரம் போனது, சுருட்டு போனது, மிளகுத்தண்ணீர் ‘முல்லிகட்டானி’யாகி அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது. கிழக்கே வந்த வெள்ளைக்காரர்கள் கண்டதையும் குடித்ததையும் பெயரோடு எடுத்துப் போனார்கள். ‘சிதை’ எந்தக் கப்பலில், யாரோடு போனது? தெரிந்தால் எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.