காரின் இடுப்புக்குக் கீழே எதை வைத்துத் தேய்ப்பது?

கேள்வி: என்னிடம் வெள்ளை நிற ஹேட்ச்பேக் இருக்கிறது. செங்கல்பட்டு பக்கம் குவாரி லாரிகள் ஓடும் சாலையில் தினமும் போய் வருகிறேன். கதவுகளின் கீழ்ப்பாதியில் சேறும் தார்ப்புள்ளியும் ஏறிவிடுகின்றன. வீட்டிலேயே கழுவ ஆரம்பித்த பிறகு அங்கே மட்டும் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் வாங்கலாமா, பிரஷர் வாஷர் வாங்கலாமா?

பிரஷ் வேண்டாம். பிரஷர் வாஷர் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் குடி முழுகிப்போகாது. உங்கள் கீறலுக்குக் காரணம் நீங்கள் வைத்திருக்கும் கருவி என்பதைவிட, மண் ஊறுவதற்கு முன்பே கை வைத்துவிடுவதுதான். காரின் கூரையில் படிவது தூசி. கதவின் கீழ்ப்பாதியில் டயர் வாரியடிப்பது எம்-சாண்ட் துகளும் ஜல்லிப் பொடியும். அதன் மேல் ஸ்பாஞ்சை வைத்து இழுத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். ஸ்பாஞ்சின் முகம் தட்டையாக இருப்பதால் துகளுக்கு ஒதுங்க இடமில்லை. பெயின்ட்டோடு சேர்ந்தே நகரும்.

ஆகவே முதல் செலவு, விதை உர மருந்துக் கடைகளில் கிடைக்கும் இரண்டு லிட்டர் கை ஸ்பிரேயர். மருந்து அடித்த பழையதை எடுக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். அதில் கார் ஷாம்பு கலந்து, கதவின் பாதிக்குக் கீழே மட்டும் அடித்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். வெயிலில் நிறுத்தினால் அதற்குள் காய்ந்து கறையாகிவிடும், நிழல் வேண்டும். பிறகு ஹோஸ் தண்ணீரை மேலிருந்து கீழாக அடியுங்கள். உங்கள் கை படாமலேயே பெரும்பாலான மண் இறங்கிவிடும்.

மிச்சத்துக்குத்தான் துணி. கையுறை போல மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட் இரண்டு வாங்குங்கள். புழு புழுவாகத் தொங்கும் நூல் உள்ளதாகப் பாருங்கள், துகள் அந்த நூலுக்குள் போய்விடும். ஒன்று மேல்பகுதிக்கு, இன்னொன்று கீழ்ப்பகுதிக்கு. வேறு வேறு நிறத்தில் வாங்கினால் குழப்பம் வராது. கீழே எப்போதும் கடைசியில்தான் கழுவ வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல், அழுத்தாமல், நேர்க்கோட்டில் இழுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் பிறகு தனி பக்கெட் தண்ணீரில் அலசுங்கள். அந்த பக்கெட்டின் அடியில் எவ்வளவு மணல் தங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள், அப்புறம் நான் சொல்லத் தேவையிருக்காது.

பிரஷ்ஷுக்கு ஒரே ஒரு இடம் உண்டு. சக்கர வளைவைச் சுற்றியும் கதவுக்கு அடியிலும் வரும் கறுப்பு பிளாஸ்டிக் கிளாடிங். சொரசொரப்பாக, பெயின்ட் இல்லாமல் இருந்தால் மெல்லிய முடியுள்ள பிரஷ்ஷால் தேய்க்கலாம். அந்தச் சொரசொரப்புக்குள் இறங்கிய மண் துணிக்கு வராது. ஆனால் எல்லாக் கறுப்பும் அந்தக் கறுப்பு இல்லை. இப்போது வரும் பல கார்களில் பளபளவென்று கண்ணாடி போலக் கறுப்புப் பட்டை ஒட்டுகிறார்கள். அது உங்கள் கதவு பெயின்ட்டைவிடச் சீக்கிரம் கோடு விழும் ஜாதி. சந்தேகமாக இருந்தால் டியூப்லைட்டைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். விளக்கின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அது பளபளப்பு ரகம், பிரஷ் தொடக்கூடாது. மங்கலாகத் தெரிந்தால் தேய்க்கலாம். அந்த பிரஷ்ஷையே கதவு வரைக்கும் கொண்டுபோவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பட்டையோடு நிறுத்துங்கள்.

பிரஷர் வாஷர் வாங்குவதாக முடிவெடுத்தால், பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'பார்' கணக்கில் மயங்காதீர்கள். அது அதிகபட்ச அழுத்தம். ஓடும்போது கிடைப்பது குறைவு. கார் பெயின்ட்டுக்கு அந்தக் குறைவே தாராளம். விசிறி போல விரியும் நாசில் போட்டு ஒன்றரை அடி தள்ளி நில்லுங்கள். ஊசி போலப் பாயும் நாசிலைக் கல் பட்டுச் சில்லு தெறித்த இடத்தில் காட்டினால் பெயின்ட் உரிந்து வரும்.

இதையெல்லாம் யார் செய்வது, வாட்டர் சர்வீஸில் விட்டுவிடலாமே என்று தோன்றும். விடுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். சக்கரத்தைத் துடைத்த அதே துணி பானெட்டுக்கு ஏறும். அபார்ட்மென்ட் கார் துடைப்பவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு பக்கெட்டில் இருபது கார் துடைக்கச் சொல்லிச் சம்பளத்தையும் கிள்ளிக் கொடுத்தால் அவர் வேறென்ன செய்வார்? சர்வீஸ்காரர் 'அடியில டீசல் அடிச்சிடலாமா சார், துரு பிடிக்காது' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டீசல், காரின் அடியில் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை ஊதிப்போக வைக்கும், தூசியை ஒட்டவைக்கும், கடைசியில் சாக்கடையில் கலக்கும். இந்த வேலைக்கு பில்லில் தனியாக ஒரு தொகை வேறு!

தார்ப்புள்ளியை நகத்தாலோ பிளேடாலோ சுரண்டாதீர்கள், பெட்ரோலும் வேண்டாம். தார் ரிமூவரைத் துணியில் நனைத்து அரை நிமிடம் ஒட்டிவைத்தால் இளகும், மெல்ல ஒற்றியெடுத்து உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். சாலையில் ஒட்டுப்போடுகிறவர்கள் அதன் மேல் ஒரு கை மணல் தூவினாலே இந்தச் செலவு உங்களுக்கு வராது. தார்ப்பாய் மூட வேண்டும் என்ற விதியும் இருக்கத்தான் இருக்கிறது, மூடாமல் ஓடும் மணல் லாரிகளும் இருக்கத்தான் இருக்கின்றன.

ஏற்கெனவே விழுந்த கீறலுக்கு உடனே ரப்பிங் பாலிஷ் போடச் சொல்வார்கள், கூடவே கோட்டிங் பேக்கேஜும் நீட்டுவார்கள். நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒவ்வொரு ரப்பிங்கும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். வெள்ளைக் காரில் அந்தக் கோடுகள் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தட்டவில்லையென்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம். தட்டினால் அந்தக் கதவை மட்டும் காட்டுங்கள், முழு காருக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.