விளைச்சல் கூடுது, ஊர் சுருங்குது: கனடா ப்ரேரி பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல, கனடாவுல ப்ரேரின்னு சொல்ற புல்வெளிச் சமவெளியில இருக்கிற சஸ்காச்சுவான் மாகாணத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கேன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள் ரொம்ப. இந்த தடவை முழுக்க அதுக்கே பதில்.

கேள்வி: மளிகைக் கடையில வாங்கின மைசூர் பருப்பு பாக்கெட்ல கனடாவுல விளைஞ்சதுன்னு போட்டிருக்கு. பனி கொட்டுற ஊர்ல பருப்பு எப்படிங்க விளையும்? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: அது எங்க மாகாணத்துப் பருப்பாத்தான் இருக்கும், கனடா பருப்புல பெரும்பங்கு சஸ்காச்சுவான்லதான் விளையுது. மே மாசம் விதைச்சு ஆகஸ்ட், செப்டம்பர்ல அறுத்துடுவாங்க, பனிக்கு முன்னாடியே கதை முடிஞ்சுடும். கோடையில ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மழை கம்மி, சூடும் அளவாத்தான், பருப்புக்கு அது போதும்.

ஆனா இது தாத்தா காலத்துப் பயிர் இல்லைங்க. 1970கள் வரைக்கும் இங்க எங்க பாத்தாலும் கோதுமை, அதுவும் ஈரம் சேரட்டும்னு நிலத்தை ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் சும்மா போட்டு வைப்பாங்க. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துல ஆல் ஸ்லிங்கார்டுங்கிற விஞ்ஞானி இந்த மண்ணுக்கு ஏத்த ரகங்களைக் கொண்டு வந்தார், 1978ல லேர்டு, அதுக்கப்புறம் எஸ்டன். அது ரெண்டும் பச்சை ரகம், நாம சாம்பார்ல போடுற சிவப்பு ரகம் பின்னாடி பெருகினது. பருப்புச் செடி காத்துல இருக்கிற நைட்ரஜனை வேர்ல பிடிச்சு வைக்கும், அடுத்த வருஷம் அதே நிலத்துல கோதுமை போட்டா உரச் செலவு மிச்சம். சும்மா கிடந்த நிலம் வருஷா வருஷம் காசு கொடுக்க ஆரம்பிச்சுது.

இதுல நம்ம ஊரோட நேரடித் தொடர்பு ஒண்ணு இருக்கு. 2017 நவம்பர்ல இந்தியா பட்டாணிக்கு 50 சதவீதம் இறக்குமதி வரி போட்டுச்சு, டிசம்பர்ல மைசூர் பருப்புக்கு 30 சதவீதம். இங்க விலை சரிஞ்சுது. பருப்பு விலை இறங்கினா விவசாயி புது டிரக் வாங்கறதைத் தள்ளிப் போடுவாரு, டீலர் கடையில வேலைக்கு ஆள் எடுக்க மாட்டாங்க, வீட்டு ரிப்பேர் அடுத்த வருஷத்துக்குப் போயிடும், ஆயிரம் பேர் இருக்கிற ஊர்ல இது உடனே தெரியும். அதுக்காக இந்தியா பண்ணது தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல, அந்த வருஷம் அங்கயும் துவரை விலை விழுந்து நம்ம விவசாயிங்க தவிச்சாங்க. ரெண்டு பக்கமும் கடன் வாங்கி விதைச்சவங்கதான்.

கேள்வி: இவ்ளோ விளையுதுன்னா அங்க இருக்கிற கிராமங்கள் காலியாகுதுன்னு ஏன் சொல்றாங்க? – கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: நல்லா விளையுறதுக்கும் ஊர் நல்லா இருக்கிறதுக்கும் இங்க சம்பந்தம் அறுந்து போச்சு தம்பி, நான் வருத்தத்தோட சொல்ற விஷயம் இதுதான்.

இந்த ஊர்கள் எப்படி வந்துதுன்னு பாத்தா புரியும். 1872 சட்டப்படி பத்து டாலர் கட்டினா 160 ஏக்கர். குடியேறி, உழுது, வீடு கட்டினா நிலம் சொந்தம். அந்த நிலம் ஒண்ணும் யாருமில்லாம கிடக்கல, க்ரீ மாதிரி பழங்குடி மக்கள் வாழ்ந்த இடம், 1874லயும் 1876லயும் போட்ட ஒப்பந்தங்களுக்கு அப்புறம் அவங்களை ஒதுக்கு நிலங்களுக்குள்ள தள்ளிட்டாங்க, இதைச் சொல்லாம இந்த ஊர்க் கதையைச் சொல்லக் கூடாது. அப்புறம் ரயில் வந்துது. குதிரை வண்டியில கோதுமை ஏத்திட்டு ஒரே நாள்ல போயிட்டுத் திரும்பணும்ங்கிற கணக்குல பத்துப் பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன், ஸ்டேஷன் பக்கத்துல மரத்துல கட்டின உயரமான தானிய எலிவேட்டர், அதாவது தானியத்தைச் சேத்து வச்சு ரயில்ல ஏத்துற கிடங்கு, அதைச் சுத்தி கடை, ஸ்கூல், சர்ச். 1930கள்ல ப்ரேரி மாகாணங்கள்ல மட்டும் 5,700க்கு மேல எலிவேட்டர் இருந்துது.

குதிரை போய் டிரக் வந்த பிறகு அத்தனை ஊர் தேவைப்படல, இது இயல்பா நடந்த பாதி. மீதிப் பாதி மனுஷன் எடுத்த முடிவு. 1897ல ஆரம்பிச்ச, தானியத்துக்கான குறைஞ்ச ரயில் கட்டணச் சலுகை என்னென்னவோ மாறி ஓடிக்கிட்டிருந்து 1995 ஆகஸ்ட்ல மொத்தமா முடிஞ்சுது. கிளை ரயில் லைனைப் பிடுங்கினாங்க, மர எலிவேட்டரை இடிச்சாங்க, தூரமா கான்கிரீட்ல பெரிய டெர்மினல் கட்டினாங்க. எலிவேட்டர் போனா அதை வச்சிருந்த தானியக் கம்பெனி ஊருக்குக் கட்டுன சொத்து வரியும் போச்சு, அம்பது கிலோமீட்டர், நூறு கிலோமீட்டர்னு லோடு டிரக் ஓடி உடையுற ரோட்டுக்கு செலவு உள்ளூர் வரிப்பணம். ரயில் கம்பெனி புத்தகத்துல லாபம் சரியாத்தான் வந்திருக்கும், ஊர் பேர்ல வந்த நஷ்டத்தை யாரும் கணக்குல எடுக்கல. விவசாயிங்களே சேர்ந்து 1924ல நடத்த ஆரம்பிச்ச சஸ்காச்சுவான் வீட் பூல்ங்கிற தானியக் கூட்டுறவு கூட 1996ல ஷேர் மார்க்கெட்டுக்குப் போயி, 2007ல விட்டேராங்கிற கம்பெனியா மாறி, 2012ல க்ளென்கோர்ங்கிற வெளிநாட்டுக் கம்பெனி கைக்குப் போச்சு.

பண்ணைகளும் அப்படித்தான். 1936ல இந்த மாகாணத்துல ஒரு லட்சத்து நாப்பதாயிரத்துக்கு மேல பண்ணை, 2021ல சுமார் 34,000. சராசரிப் பண்ணை 1,700 ஏக்கருக்கு மேல. நிலம் அவ்ளோதான், விளைச்சல் கூடிடுச்சு, ஆனா நாலு குடும்பம் இருந்த இடத்துல ஒரு குடும்பம். ஸ்கூலுக்கு வர்ற பசங்க, கடைக்கு வர்ற ஆளு எல்லாம் அதே விகிதத்துல குறையும்ல.

கேள்வி: குளிர் எவ்வளவு? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஜனவரியில மைனஸ் 30 சாதாரணம், சில நாள் மைனஸ் 40. ராத்திரி கார் எஞ்ஜினுக்கு கரண்ட் வயர் சொருகி வைக்கணும், இல்லன்னா காலையில ஸ்டார்ட் ஆகாது.

கேள்வி: அப்போ மிச்சம் இருக்கிறவங்க எப்படித்தான் சமாளிக்கிறாங்க? கடை கண்ணி உண்டா? – ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர், விருதுநகர்

பதில்: ஐயா, உங்ககிட்ட சொல்ல எனக்கு ஆசையான விஷயம் இது. எங்க ஊர்ல பெட்ரோல் பங்க், மளிகை ரெண்டும் கோ-ஆப், அதாவது கூட்டுறவுக் கடை. மெம்பர் நம்பர் சொல்லித்தான் சாமான் வாங்குவாங்க, பல பேருக்கு அப்பா அம்மாவோட நம்பரும் மனப்பாடம். வருஷ லாபத்துல நாம வாங்கின அளவுக்குப் பங்கு நமக்கே வரும். பேங்க் கிளை மூடிட்டுப் போன பல ஊர்ல கிரெடிட் யூனியன், அதாவது மெம்பர்களோட கூட்டுறவு பேங்க்தான் நின்னுச்சு, அதுவும் இப்ப ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு சின்னக் கிளைகளை மூடுது, எனக்கு அது பயமாத்தான் இருக்கு.

வேலைன்னு பாத்தா விவசாயத்தை விட ஸ்கூல், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், கோ-ஆப், டிராக்டர் டீலர் இதுலதான் நிறைய பேர். பண்ணை வீட்டு அம்மா டவுன்ல டீச்சராவோ நர்ஸாவோ இருப்பாங்க, பயிர் பொய்ச்ச வருஷம் அந்தச் சம்பளம்தான் வீட்டைத் தாங்கும். 2021 வறட்சியில மாகாணத்தோட விளைச்சல் பாதிக்குப் பக்கமா விழுந்துது, பயிர்க் காப்பீடும் இந்த மாதிரி மாசச் சம்பளமும் இல்லன்னா எத்தனையோ குடும்பம் நிலத்தை வித்திருக்கும்.

அப்புறம் ஐஸ் ரிங்க். ஹாக்கியும் கர்லிங்கும் ஆடுற கொட்டகை. கேன்டீன்ல நிக்கிறது, ஐஸ் சீராக்குறது முக்கால்வாசி ஊர் ஜனங்களே சம்பளம் இல்லாம பாக்குறது. தீயணைப்பு வண்டி ஓட்டறதும் தன்னார்வலருங்கதான். அறுவடை முடிஞ்சதும் வான்கோழி சமைச்சு ஊரே உக்காந்து சாப்பிடுற விருந்து ஒண்ணு வைப்பாங்க, அந்தக் காசு ரிங்க் கூரைக்கோ சர்ச் ஹாலுக்கோ போகும். ஆள் குறையக் குறைய அதே இருபது பேர் தலையில எல்லா வேலையும் விழுது, அவங்களுக்கும் வயசாகுது. வெளியூர்ல இருந்து வந்து குடியேறுற குடும்பங்களை இந்த ஊர் எதிர்பாக்குதுன்னா காரணம் இதுதான், இப்ப மோட்டல், முதியோர் இல்லம்னு பிலிப்பினோ, இந்தியக் குடும்பங்கள் நிறைய சின்ன ஊர்ல இருக்காங்க.

கேள்வி: நான் நர்ஸ். சின்ன ஊர்களுக்கு தனி குடியேற்றத் திட்டம் வந்திருக்குன்னு ஏஜென்ட் சொல்றார். அஞ்சு வயசுப் பொண்ணோட வரலாமா? – ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: வரலாம்மா, உங்களை மாதிரி நர்ஸுங்க தேவை இங்க நிஜமாவே இருக்கு. கனடாவோட பொது மருத்துவக் காப்பீடு 1962ல இந்த மாகாணத்துலதான் பிறந்துது, அப்படிப்பட்ட இடத்துல இன்னிக்கு நர்ஸோ டாக்டரோ இல்லாம சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள்ல எமர்ஜென்சியை அப்பப்போ பூட்டுறாங்க. ஆனா ஏஜென்ட் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. 2025ல தொடங்கின கிராமப்புறத் திட்டத்துல எங்க மாகாணத்துல இருந்து மூஸ் ஜா இருக்கு, அது முப்பதாயிரம் பேருக்கு மேல இருக்கிற நகரம், நான் சொல்ற மாதிரி ஊர் இல்ல. நர்ஸ் பதிவு வேற, விசா வேற, பதிவை முதல்ல ஆரம்பிங்க. வேலை வாங்கித் தர காசு கேட்டா அது இங்க சட்டவிரோதம், அந்த இடத்துலயே பேச்சை நிறுத்திடுங்க.

கார் ஓட்டக் கத்துக்கிட்டு வாங்க. ஊர்களை இணைச்ச அரசு பஸ் கம்பெனியை 2017 மே மாசம் மூடிட்டாங்க, வயசானவங்க செக்கப்புக்கு மாகாணத்துப் பெரிய நகரமான சஸ்கட்டூன் போகக் கூட யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கு, என்னால இன்னும் ஏத்துக்க முடியாத முடிவு அது. பொண்ணைப் பத்திக் கவலை வேணாம், கிளாஸ்ல பசங்க கம்மி, டீச்சருக்கு ஒவ்வொரு குழந்தையையும் தெரியும். ஆனா ரெண்டு மூணு வருஷத்துல சஸ்கட்டூனுக்கோ டொராண்டோவுக்கோ கிளம்பிடலாம்னு மனசுல இருந்தா, வேலைக்கு எடுக்கிறவங்ககிட்ட அதை முன்னாடியே சொல்லிடுங்க, உங்களை நம்பி ஒரு எமர்ஜென்சியோட ஷிஃப்ட் போட்டிருப்பாங்க.