உணவைச் சுற்றி வைக்கும் தேன்மெழுகுத் துணியை வீட்டிலேயே செய்ய முடியுமா? அது உண்மையில் பயன்படுகிறதா?

முடியும். கோத்தகிரியில் எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாகச் செய்து பயன்படுத்தி வருகிறோம். ஆனால் வேறோர் ஊருக்குப் பொருந்திய அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏனென்றால் இந்தத் துணி நன்றாக அமைவதும் அமையாததும் உங்கள் சமையலறையின் குளிரையும் வெயிலையும் பொறுத்தது.

தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகும். அதற்கு வெகு முன்பே, உள்ளங்கைச் சூட்டிலேயே, இளகி வளையத் தொடங்கிவிடும். கிண்ணத்தின் விளிம்பில் துணியை வைத்துக் கையால் அழுத்தினால் அது படிந்து நிற்பதற்கு இந்த இளக்கமே காரணம். மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை அடுப்பருகே வைத்து உருக்க வேண்டிய எங்கள் ஊரில், வெறும் மெழுகு தோய்த்த துணி அப்பளம் போல விறைத்து, மடித்த இடங்களில் வெள்ளைக் கோடு விழுந்து, செதில் செதிலாக உதிர்ந்தது. எண்ணெய் சேர்த்துச் செய்த அடுத்த துணிகள் எங்களுக்குச் சரியாக அமைந்தன என்று, மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தங்கைக்கு இரண்டு அனுப்பினேன். சித்திரையில் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிக்கவே முடியல" என்றாள். இப்போது எங்களுக்கு 100 கிராம் மெழுகுக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்க்கிறேன். அவளுக்கு அரைக் கரண்டிதான். எண்ணெயை இதற்கு மேல் கூட்டினால் துணி பிசுபிசுப்பதோடு, நாளடைவில் சிக்கு வாடையும் அடிக்கும்.

ஒட்டும் தன்மைக்காகப் பிசின் சேர்ப்பவர்களும் உண்டு. நாட்டு மருந்துக்கடைக் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டுப் பார்த்தேன். கொதிநீரின் மேல் வைத்த பாத்திரத்தின் சூடு அதற்குப் போதாமல், அடியில் குறுணையாகத் தங்கிவிட்டது. அடுப்பில் நேராக வைத்துச் சூட்டைக் கூட்டுவது ஆபத்து, மெழுகு தீப்பற்றிவிடும். ஆகவே பிசினை விட்டுவிட்டேன். பிடிப்பு சற்றுக் குறைந்தால் மேலே ஒரு நூலைக் கட்டிவிடுகிறேன்.

மெழுகு எங்களுக்கு மலைத்தேன் எடுப்பவர்களிடமிருந்து, தேன் பிழிந்த தேனடையை உருக்கிய கட்டியாகக் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, இரவு முழுவதும் ஆறவிட்டால், காலையில் மேலே மஞ்சள் வில்லையாக உறைந்து மிதக்கும். வில்லையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் கரும்பழுப்புக் கசடு ஒரு படலமாகப் படிந்திருக்கும். கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கடையில் வாங்குவதானால் முகர்ந்து பாருங்கள். தேன் மணம் சிறிதும் இல்லாமல், விரலுக்கு வழுக்கலாக இருந்தால் பாரஃபின் என்னும் பெட்ரோலிய மெழுகு கலந்திருக்க வாய்ப்புண்டு.

துணி முழுப் பருத்தியாக, நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும்; பாப்லின் நல்லது. புதுத் துணியானால் கஞ்சி போகத் துவைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். முப்பது சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றுக்குச் சுமார் 15 கிராம் கலவை பிடிக்கும். உருகிய கலவையைத் தூரிகையால் பூசி, இரண்டு வெண்ணெய்த்தாள்களுக்கு இடையில் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் சீராகப் பரவும். தாள் துணியைவிட நான்கு விரற்கடையாவது பெரிதாக இருக்கட்டும். முதல் முறை நான் சிறிய தாளை வைத்ததால் ஓரத்தில் வழிந்த மெழுகு இஸ்திரிப் பெட்டியில் ஏறி, மறுநாள் என் கணவரின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அந்தச் சட்டையைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு வருகிறது.

பயனைப் பொறுத்தவரை, பாதி நறுக்கிய முட்டைக்கோஸ், கேரட், எலுமிச்சை, கொத்தமல்லிக் கட்டு, ரொட்டி, பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. கொத்தமல்லி வாடாமலும், பிளாஸ்டிக் உறையில் வியர்ப்பது போல வியர்த்து அழுகாமலும் இருக்கிறது. எங்கள் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கிக்கு இது உதவாது. மூடுபனி இறங்கும் நாளில் தகர டப்பாவே சரி. சுடுசோறு, குழம்பு, இறைச்சி, மீன் எதையும் இதில் வைக்கக் கூடாது, ஏனென்றால் வெந்நீரில் கழுவி நுண்ணுயிரிகளைப் போக்க இதில் வழியில்லை. பச்சைத் தண்ணீரும் ஒரு துளி சோப்பும் கொண்டு துடைத்துக் கழுவி, நிழலில் கொடியில் போடுங்கள். மைக்ரோவேவ் அடுப்புக்கு இது ஆகாது.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் ஒன்று. அதனால் பலர் இதற்கு மாறினாலும், பிளாஸ்டிக் செய்த எல்லா வேலையையும் இது செய்யும் என்று எதிர்பார்த்தால் ஒரே மாதத்தில் சலித்துவிடுவீர்கள்.

எங்கள் வீட்டுத் துணி எட்டு, பத்து மாதங்களில் பிடிப்பை இழக்கிறது. அப்போது சிறிது மெழுகைத் துருவித் தூவி மறுபடி இஸ்திரி போட்டால் மீண்டும் உழைக்கும். இனி இயலாது என்னும் அளவுக்கு நைந்ததை நாடாக்களாகக் கிழித்து வைத்துக்கொள்கிறோம். ஈர விறகிலும் கணப்பு மூட்ட அதில் ஒரு நாடா போதும்.