தகப்பன் ஸ்தானமா, தகப்பனா?

கேள்வி: நான் இரண்டு வருஷமாக முழுநேர ஊழியத்தில் இருக்கும் வாலிபன். எங்கள் பாஸ்டர், "நான் உனக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிறேன். என்னைக் கேட்காமல் வெளியே பிரசங்கிக்கப் போகக்கூடாது. என்னை விட்டுப் போனால் ஆசீர்வாதம் இருக்காது" என்கிறார். ஊழியக்காரனுக்கு ஆவிக்குரிய தகப்பன் கட்டாயம் வேண்டுமா?

பதில்: வேண்டும் தம்பி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'ஸ்தானம்' என்ற வார்த்தையைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. ஸ்தானம் என்று வந்துவிட்டால் மேடையில் உயரமான நாற்காலி வேண்டும், ஃபிளெக்ஸ் போர்டில் பெரிய படம் வேண்டும், அதற்குக் கீழே சின்னச் சின்ன வட்டங்களில் 'பிள்ளைகள்' வேண்டும். பெற்ற அப்பா யாராவது மகனிடம் "நான் உனக்கு அப்பா ஸ்தானத்தில் இருக்கிறேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சித்தப்பா சொல்வார், மாமா சொல்வார். பெற்றவருக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டவே நேரம் சரியாக இருக்கும்.

அப்போஸ்தலர் பவுல் தன்னோடு ஊழியம் செய்த வாலிபன் தீமோத்தேயுவை 'உத்தம குமாரன்' என்று அழைத்தவர். மூப்பர்கள் மேல் வரும் குற்றச்சாட்டை எப்படி விசாரிப்பது என்று கனமான விஷயங்களை எழுதிக்கொண்டே வருகிறார். திடீரென்று, இனிமேல் வெறும் தண்ணீர் மட்டும் குடிக்காதே, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்கிறார் (1 தீமோத்தேயு 5:23). அதை வைத்து மது குடிக்கலாமா கூடாதா என்று நாம் விவாதம் நடத்தியே களைத்துப்போனோம். பையனுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறது என்பதை அந்த மனிதர் மனதில் வைத்திருந்தாரே, அதை யார் பிரசங்கிக்கிறார்கள்? எஜமான் பிலேமோனைப் பிரிந்து வந்த அடிமை ஒநேசிமு விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்று சிறையில் இருந்துகொண்டே பிலேமோனுக்குச் சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தார்.

போதகர் பிறந்தநாள் காணிக்கை பற்றி இதே பக்கத்தில் எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன். மறுபடியும் எழுதுகிறேன். "பெற்றாருக்குப் பிள்ளைகளல்ல, பிள்ளைகளுக்குப் பெற்றார்களே பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்கவேண்டும்" என்பது 2 கொரிந்தியர் 12:14. ஆவிக்குரிய பிள்ளைகளிடம் கவர் வாங்குகிறவர்கள் இந்த வசனத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு வாங்கட்டும்.

நான் ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு வயதான உபதேசியார் இருந்தார். ஒருநாள் பக்கத்துக் கிராமத்துக்குப் புறப்பட்டபோது என் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. தன் சைக்கிளில் இருந்ததைக் கழற்றி மாட்டிவிட்டு, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் "என்ன வசனம் பேசப்போற தம்பி?" என்று கேட்டார்.

தஞ்சாவூரில் இதைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. 1787-இல் துளஜா மன்னர் மரணப்படுக்கையில், தத்துப்பிள்ளை சரபோஜியை ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கையில் ஒப்படைக்கப் பார்த்தார். ஐயர் அந்த ஸ்தானத்தை ஏற்கவில்லை. மன்னரின் தம்பி அமர்சிங் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அமர்சிங் அரசராகி, பையனைப் படிப்பும் வெளிச்சமும் இல்லாமல் அடைத்துவைத்தார். அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளிடம் விடாமல் முறையிட்டவர் கல்யாணமே செய்துகொள்ளாத அந்த ஐயர்தான். 1793-இல் பையனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். 1798-இல் ஐயர் இறந்தபின், கல்லறைக்கு அவரே ஆங்கிலத்தில் வரிகள் எழுதினார். அதில் 'அநாதைகளின் தகப்பன்' என்று இருக்கிறது. தகப்பன் என்று யாரையும் அழைக்கச் சொல்லாதவருக்கு ஒரு ராஜா எழுதிக் கொடுத்தது அது.

பாளையங்கோட்டையிலிருந்து சுவார்ட்ஸ் கூட்டிவந்து வளர்த்த இன்னொரு பையன்தான் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார். ராகம், தாளம் குறித்துவைத்த அவருடைய கீர்த்தனைகளை நம் சபைகளில் கீபோர்டின் ரெடிமேட் தாளத்துக்கு ஓட்டுகிறார்கள். என்னால் தாங்க முடியவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் விஷயம். பவுல் தீமோத்தேயுவைக் கொரிந்துக்கு அனுப்பினார், தெசலோனிக்கேக்கு அனுப்பினார். தகப்பன்தான் அனுப்பிவைப்பான். போனால் ஆசீர்வாதம் இருக்காது என்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. இயேசு சொன்ன உவமையில், சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகனைக்கூட அந்தத் தகப்பன் சபிக்கவில்லை. தூரத்தில் வரும்போதே கண்டு ஓடினான். ஒளிந்து போகாதீர்கள். பாஸ்டரிடம் நேரில் சொல்லிவிட்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பேசுங்கள். முடிந்தால் ஒருநாள் அவரையும் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போங்கள். சிவகங்கைப் பூங்கா பக்கத்துச் சுவார்ட்ஸ் ஆலயத்தில் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. கிழவர் படுத்திருக்கிறார், சரபோஜி அவர் கையைப் பிடித்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து நின்று பாருங்கள்.