பெடல் மெத்தென்று இறங்கினால் பூஸ்டரா குற்றவாளி?

கேள்வி: என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி எஸ்டீம். பின்பக்க வீல் சிலிண்டர் இரண்டையும் மாற்றிய பிறகு பெடல் மெத்தென்று கீழே போகிறது, நாலைந்து தடவை பம்ப் அடித்தால்தான் பிரேக் பிடிக்கிறது. பூஸ்டர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். பவர் பிரேக்குக்கு ஏர் எடுக்க (பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற) தனி முறை உண்டா? வீட்டிலேயே செய்யலாமா?
— வாசகர், கரூர்

பதில்: பூஸ்டர் வாங்க ஓடாதீர்கள். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்தான் பூஸ்டர், அது போனால் பெடல் கல் மாதிரி இறுகும், மெத்தென்று ஆகாது. சந்தேகம் இருந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு பெடல் இறுகும்வரை மிதித்து, அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கால் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

அடுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென்று மேலேயே நின்றால் பிரச்சினை ஏர் இல்லை, பின்சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் அதை உரசி நிறுத்தும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம். சிலிண்டர் மாற்றும்போது ஷூவைக் கழற்றி மாட்டியிருப்பார்கள், அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் இதே கதைதான்.

அப்படியும் மெத்தென்றுதான் இருக்கிறது என்றால் ஏர் எடுக்கலாம், ஆள் இரண்டு பேர் போதும். பவர் பிரேக்குக்கென்று பெரிய வித்தை கிடையாது: இன்ஜின் ஓடக் கூடாது, முதலில் ஏழெட்டு முறை மிதித்து பூஸ்டரில் தேங்கிய வேக்குவத்தைக் காலி செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாளே நிப்பிள்களில் (சக்கரங்களின் பிரேக்கில் ஏர் வெளியேறத் திறக்கும் சிறு திருகுகள்) துரு இளக்கும் ஆயில் விட்டு வையுங்கள், ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும், ஓபன் ஸ்பேனர் போட்டு முனை மழுங்கிவிட்டால் அப்புறம் அழ வேண்டியதுதான். நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி அதன் மறுமுனை பிரேக் ஆயிலில் மூழ்கும்படி பாட்டிலில் விடுங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். குமிழ் நிற்கும்வரை இப்படியே. எந்தச் சக்கரம் முதலில் என்பதற்கு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள், முன்சக்கர இயக்க வண்டிகள் பலவற்றில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும் (ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரு ஜோடி). வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது.

முக்கியமாக, பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர், அதற்குள் இத்தனை வருடம் பிஸ்டன் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும், ரப்பர் சீல் அங்கே உரசினால் கிழியலாம், நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஒழுக ஆரம்பிப்பது பல சமயம் இப்படித்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள்.

வண்டியின் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) என்று இருந்தால் 3 அல்லது 4 ஊற்றலாம், சிலிக்கான் ரகமான டாட் 5 கூடாது. புதிய டப்பாவாக வாங்குங்கள், திறந்து வைத்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எல்லாம் முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமலே கால் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது, அதை மாற்றாமல் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.