மைக்செட்காரர் பதில்கள்: சிரிக்க வைப்பவர் பாடு

மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கத்துத் திருவிழா மேடைகளுக்குக் காலங்காலமாக மைக்செட் கட்டி வருபவர், மேடை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்தவை பெரும்பாலும் நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் பற்றியும் நகைச்சுவை மேடை பற்றியும்தான்.

அண்ணே, ரோபோ சங்கர் நம்ம மதுரைக்காரர். டிவியில் வருவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்? 'ரோபோ' என்ற பெயர் எப்படி வந்தது?
– வாசகர், மேலூர்

ஊர் ஊராகப் போய் மேடையில் ஆடிக்கொண்டிருந்தார். உடம்பு முழுக்க வெள்ளி நிறப் பூச்சைப் பூசிக்கொண்டு, இயந்திர மனிதன் மாதிரி வெட்டி வெட்டி ஆடுவது அவருடைய ஐட்டம். அந்த ஆட்டத்தின் பெயர்தான் அவர் பெயருக்கு முன்னால் நிலைத்துவிட்டது. கூடவே பலகுரலும் செய்வார். பிறகு விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' அவரை வீடுகளுக்குள் கொண்டுபோனது. 2013-இல் 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா', அடுத்த வருஷம் 'வாயை மூடி பேசவும்', 2015-இல் 'மாரி' என்று சினிமாவிலும் இடம் பிடித்தார். 2025 செப்டம்பர் 18 அன்று சென்னையில் காலமானார். வயது 46.

நான் மைக் கட்டிய மேடையில் அவர் ஏறியதில்லை. ஆனால் அதே வெள்ளிப் பூச்சு ஆட்டம் ஆடிய பையன்களுக்குக் கட்டியிருக்கிறேன். பங்குனி மாதப் புழுக்கம், முகத்துக்கு நேரே ஃபோகஸ் லைட். பூச்சுக்கு அடியில் வியர்வை வெளியே வர வழியில்லை. ஆடி முடித்து மேடைக்குப் பின்னால் வந்தால், தேங்காய் எண்ணெயில் போகாததை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். கழுத்தும் அக்குளும் சிவந்து தடித்திருக்கும். முன்னால் விசில் இன்னும் ஓய்ந்திருக்காது. ஒரு பையன் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, அவன் அண்ணன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரோபோ சங்கர் என்று சொல்லும்போது, அந்த முதல் வார்த்தைக்குள் இந்த உழைப்பு இருக்கிறது என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னை, பெங்களூரில் இப்போது இளைஞர்கள் தனியாக நின்று ஒரு மணி நேரம் பேசிச் சிரிக்க வைக்கிறார்கள். 'ஸ்டாண்ட்-அப்' என்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒன்று இருந்ததுண்டா?
– வங்கி ஊழியர், அண்ணாநகர், மதுரை

இருந்ததுண்டா என்று கேட்கிறீர்கள். இப்போதும் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் ஏதாவது ஒரு கிராமத்தில் 'வள்ளி திருமணம்' நாடகம் போட்டால் ராத்திரி பத்து மணிக்குப் போய் உட்காருங்கள். முதலில் வருபவர் முருகனும் இல்லை, வள்ளியும் இல்லை. பபூன், அதாவது கோமாளிதான். பக்கத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்கிற தாளக் கருவிகள். எதிரே ஊரே உட்கார்ந்திருக்கும். கதை இன்னும் தொடங்கவில்லை, துணைக்கு வேறு நடிகரும் கிடையாது. பாடுவார், பேசுவார், உள்ளூர் பஸ்ஸைக் கிண்டலுக்கு இழுப்பார், ரேஷன் கடையை இழுப்பார். அதற்கப்புறம்தான் ஆடிக்கொண்டே நகைச்சுவை செய்யும் 'டான்ஸ் காமிக்' அம்மா வந்து அவரோடு வாதாடுவார்.

இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். குழு கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூன் வேறோர் ஊர். மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. தேதி பேச அந்தப் பக்கம்தான் போவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திக்கிறவர்கள்கூட விடிய விடிய நடித்துவிடுவார்கள். சுவாமிகள் 1922-இல் மறைந்தார். நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பாடம் ஓடுகிறது. பபூனுக்கு மட்டும்தான் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. தன் பங்கை அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நகரத்துக் காபிக் கடைகளில் ஸ்டாண்ட்-அப் பேசும் பிள்ளைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பயம் அதே பயம்தான். ஆனால் டிக்கெட் வாங்கி வருகிறவர் சிரிக்கத் தயாராக வருகிறார். கோயில் திடலில் அப்படி இல்லை. முன்னால் பாய் விரித்துப் பெண்களும் குழந்தைகளும் இருப்பார்கள், பாதிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். பின்னால் ஆண்கள் நின்றபடி தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்க வைப்பதுதான் வித்தை.

இதில் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பஸ் ஸ்டாப் புளியமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பேன். மேடையிலிருந்து 200 மீட்டர் இருக்கும். ஒயர் வழியாகப் பேச்சு அங்கே உடனே போய்விடும். அங்கே நிற்பவர்களின் சிரிப்பு மேடைக்குத் திரும்பி வர அரை நொடிக்கு மேல் ஆகும். புதிதாக வந்தவர் முன்வரிசைச் சிரிப்பு அடங்கியதும் அடுத்த வரியைப் போட்டுவிடுவார். அந்த வரி, பின்னாலிருந்து வரும் சிரிப்பில் அமுங்கிப்போகும். பழகிய பபூன் அந்த அரை நொடிக்காகத் துண்டை உதறுவார், மிருதங்கக்காரரைப் பார்த்து முறைப்பார். அவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை. நின்று நின்று உடம்பில் ஏறியது.

மேடையில் பிரமாதமாகச் செய்கிறவர்கள் பலர் சினிமாவில் எடுபடுவதில்லையே, ஏன்?
– ஆசிரியை, உசிலம்பட்டி

மேடையில் சிரிப்பு வழிகாட்டும். எங்கே நிறுத்த, எங்கே நீட்ட என்று கூட்டமே சொல்லிவிடும். படப்பிடிப்பில் நகைச்சுவை செய்தால் சுற்றி நிற்கிறவர்கள் சத்தம் போடக் கூடாது. அந்த அமைதியில் பலருக்குக் கால் தடுக்கிவிடுகிறது.

ரோபோ சங்கர் அதைத் தாண்டினார். 2016-இல் வந்த 'வேலைன்னு வந்துட்டா வெள்ளக்காரன்' படத்தில் அவர் ஒரு சம்பவத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் அதிகாலையிலிருந்தே தொடங்குவார். கேட்கிறவர் துடிப்பார், இவர் அவசரப்படவே மாட்டார். அது முழுக்க முழுக்க மேடைக்காரர் வேலை. ஒரே பேச்சைத் திரும்பச் சொல்லும்போது எத்தனையாவது தடவையில் சிரிப்பு கூடும் என்று திடலில் நின்றவருக்குத்தான் தெரியும். தியேட்டரில் அந்தக் காட்சி ஓடும்போது, எதிரே இல்லாத ஒரு கூட்டத்துக்கு அவர் இடைவெளி விட்டிருப்பதை நான் கவனித்தேன். அவ்வளவு சரியாக இருந்தது.

வடிவேலுவா, சூரியா? ஒரே பெயர் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

வடிவேலு. மதுரையில் கண்ணாடி வெட்டிப் படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் வேலை பார்த்தவர், 1991-இல் 'என் ராசாவின் மனசிலே' மூலம் வெளிச்சத்துக்கு வந்து, நாம் பேசுகிற பேச்சையே மாற்றிவிட்டார். ராஜாக்கூர் சூரியும் எனக்குப் பிரியமானவர்தான். 2009-இல் 'வெண்ணிலா கபடி குழு'வில் பரோட்டா சாப்பிட்டவரை 2023-இல் 'விடுதலை'யில் கதாநாயகனாகப் பார்த்தோம். அதே 2023-இல் 'மாமன்னன்' படத்தில் வடிவேலு சிரிக்காமல் வந்தார். மதுரையின் இரண்டு நகைச்சுவை நடிகர்கள் ஒரே வருஷத்தில் அழுதார்கள், தியேட்டர் நம்பியது. ஒரு பேச்சுக்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். சோகக் காட்சிக்கும் அதுதானே வேண்டும்?

ரோபோ சங்கரின் இறுதி ஊர்வலத்தில் அவர் மனைவி ஆடியதைப் பலர் தப்பாகப் பேசினார்கள். உங்கள் கருத்து?
– வாசகி, சோழவந்தான்

பேசியவர்கள்மேல் எனக்குக் கோபம்தான். அந்த அம்மாவும் ஆடல் கலைஞர். நம் பக்கத்தில் பெரியவர்களைக் கொட்டு இல்லாமல் அனுப்புகிறோமா? ஒப்பாரியும் உண்டு, ஆட்டமும் உண்டு. மேடையில் வாழ்ந்த வீட்டிலிருந்து ஒருவர் போகும்போது, அந்த அம்மா தனக்குத் தெரிந்த விதத்தில் அனுப்பினார். அதை யாரும் அளக்க வேண்டியதில்லை.

நகைச்சுவை என்ற பெயரில் பொண்டாட்டியையும் கறுப்பு நிறத்தையும் குண்டான உடம்பையும் கிண்டல் செய்கிறார்கள். நீங்கள் மேடை ஓரமாகவே இருப்பவர். இதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருக்கிறீர்கள்?
– செவிலியர், திருமங்கலம்

எனக்குப் பிடிக்காது. மேடைக்காரர்களிடம் நேரில் சொல்லியும் இருக்கிறேன். அவர்கள் சொல்லும் பதில், "சனங்க சிரிக்கிறாங்கல்ல?" சிரிப்பது பின்னால் நிற்கிறவர்கள். மைக்செட் மேசை மேடைக்குப் பக்கவாட்டில் இருப்பதால் எனக்கு முன்வரிசை முகங்கள் தெரியும். பதினாலு பதினைந்து வயசுப் பெண் பிள்ளைகள் அந்த வரி வந்ததும் சிரிப்பதா வேண்டாமா என்று அம்மாவைப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்துவிடும்.

ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு ஊர்க் கமிட்டிகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவதும், ஆபாசம் கூடாது என்று நிபந்தனை போடுவதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நிறத்தைப் பழிப்பதை ஆபாசம் என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே "நிறம், உடம்பு வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்ன ஊர்கள் உண்டு. அங்கே சிரிப்புக்குக் குறைவு வரவில்லை. சர்க்கரை நோய், செல்போன், மாமனார் வீட்டு விருந்து, பேரன் பேத்திகளின் இங்கிலீஷ் என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

என் மகன் டிப்ளமா முடித்துவிட்டு, மிமிக்ரி, காமெடி என்று அலைகிறான். விடலாமா?
– ஒரு தாய், வாடிப்பட்டி

விடுங்கள் அம்மா, ஆனால் கணக்குப் பேசி விடுங்கள். மாசியிலிருந்து வைகாசி வரை கை ஓயாது. மற்ற மாதங்களில் அங்கொன்று இங்கொன்றுதான். 2020-லும் 2021-லும் கொரோனாவால் சித்திரைத் திருவிழாவே வழக்கம்போல் நடக்கவில்லை, அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மேடையை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அந்த இரண்டு வருஷமும் பட்ட பாட்டை நான் அறிவேன். ஆட்டோ ஓட்டத் தெரிந்தவர், வயரிங் தெரிந்தவர் தப்பித்தார்கள். உங்கள் மகனிடம் டிப்ளமா இருக்கிறது. அந்தத் தொழிலையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்க வேண்டாம். ஓர் ஊரில் மழை வந்து பாதியில் கலைந்ததற்காக எல்லாருக்கும் பாதிக் கூலிதான் கொடுத்தார்கள், எனக்கும் சேர்த்துத்தான். போன பெட்ரோல் பாதியாகுமா? இன்னொன்று, நிகழ்ச்சி முடிந்ததும் அன்பாகப் பாட்டிலை நீட்டுவார்கள். ராத்திரி முழுக்கக் கத்தியவனுக்கு அது வேண்டும்போலத்தான் இருக்கும். நல்ல குரல்கள் அதில் போனதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே மறுத்துவிட்டால் பிறகு வற்புறுத்த மாட்டார்கள். நாடகம், கரகம் என்று போனால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளட்டும்.

கல்லூரி விழாவில் முதன்முதலாகக் காமெடி பண்ணப் போகிறேன். மைக்கை எப்படிப் பிடிப்பது?
– மாணவி, மேலூர்

தலைப்பகுதியைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள், கீச்சென்று கத்தும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் சாய்வாகப் பிடித்தால் 'ப', 'ஃப' வரும்போது காற்று அடிக்காது. தட்டிப் பார்க்காதீர்கள், ஊதாதீர்கள். பேசிக்கொண்டே ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் நடந்து போகாதீர்கள். குரல் மாற்றிக் கத்தும் இடம் இருந்தால், எந்த இடம் என்று மைக்செட்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் சத்தத்தைக் குறைத்துத் தருவார். கார்ட்லெஸ் என்றால், பேட்டரி புதிதா என்று கேட்டுவிட்டு மேடை ஏறுங்கள்.