பாலத்தை அகலப்படுத்த என் வீட்டில் பாதியை எடுக்கலாமா?

கேள்வி: தேசிய நெடுஞ்சாலையில், ஆற்றுப்பாலம் இறங்கும் இடத்தில் என் வீடு. பாலத்தை அகலப்படுத்தப் போகிறோம் என்று வந்தவர்கள் சுவரில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். முன்பக்கக் கடையும் ஓர் அறையும் போய்விடுமாம். பட்டா என் பெயரில்தான் இருக்கிறது. தடுக்க முடியுமா?

பதில்: சிவப்புக் குறி போட்டதால் நிலம் கைமாறிவிடாது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன் 3ஏ பிரிவு அறிவிக்கை, அதாவது நிலத்தை எடுக்கப்போகிறோம் என்ற அறிவிப்பு, ஏற்கெனவே அரசிதழில் வந்திருக்கலாம். முதலில் அதைத் தேடுங்கள். வீட்டுக்குத் தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் அதன் சாரத்தை வெளியிட்டால் சட்டத்துக்குப் போதும். ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள்தான் அவகாசம். எழுத்து மூலம் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். நிலமெடுப்பு அதிகாரி உங்களை நேரில் விசாரிக்கக் கடமைப்பட்டவர்.

"பாலமே வேண்டாம்" என்று எழுதிப் பயனில்லை. மறுபக்கம் காலி நிலம் இருந்தால், விரிவாக்கத்தை அங்கே கொண்டுபோகலாமே என்று வரைபடத்தோடு கேளுங்கள். அதற்கும் பெரிய நம்பிக்கை தர மாட்டேன்; பாலம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. 3டி பிரிவில் அடுத்த அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுடையது.

அதனால் இழப்பீட்டில்தான் கவனம் வேண்டும். நிலம், கட்டடத்தின் மதிப்புக்குச் சமமான தொகை ஆறுதல் தொகையாகவும் (கட்டாயமாக எடுப்பதற்குக் கூடுதலாகத் தருவது) சேர வேண்டும். இந்த 2013 நிலமெடுப்புச் சட்டக் கணக்கு நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தும். பலரும் கேட்காமல் விடுவது 3ஜி(7) பிரிவை. மிஞ்சிய பாதி வீடு துண்டுபட்டு மதிப்பிழப்பதற்கும், கடை வருமானம் போவதற்கும் அதன்படி கேட்கலாம். வெள்ள மட்டத்துக்கு மேல் பாலத்தை உயர்த்தினால் அணுகு சாலையும் உயரும். அப்புறம் உங்கள் வாசல் பள்ளத்தில் நிற்கும், மழைத்தண்ணீர் உள்ளே வரும். இப்போதே படம் எடுத்து, பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கி வையுங்கள்.

தொகை போதாது என்றால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம் மனு போடலாம். வெற்றுத்தாளிலோ சம்மதக் கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கட்டப்பட்டு, காலி செய்யச் சொல்லி எழுத்து மூலம் அறிவிப்பு வந்தாலும் உங்களுக்கு 60 நாள் உண்டு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: கடையின் முன்பகுதி ஆற்றுப் புறம்போக்கில் நீண்டிருக்கிறதா? அந்தத் துண்டு நிலத்துக்குப் பணம் கிடைக்காது. சர்வேயரை வைத்து அளந்துவிட்டு மனு எழுதுங்கள்.